கலமே இல்லாத குழி

எங்கள் ஆய்வுகூடத்தில் காலையில் முதல் வேலை, உயிர்க்கலங்களை (செல்களை) இளஞ்சூட்டில் வளர்க்கும் பெட்டியான அடைகாப்பானின் வெப்பநிலையைப் பார்ப்பது. 37 பாகை காட்டினால் நிம்மதியாகத் தேநீர் குடிக்கலாம். 2022 இல் மின்வெட்டு நாளொன்றுக்குப் பல மணி நேரம் நீண்டபோது அது 30 வரை இறங்கியதும் உண்டு. வரிசையில் நின்று வாங்கிவந்த டீசலை ஜெனரேற்றருக்கு ஊற்றிய பிறகுதான் கலங்களின் பக்கம் போவோம். யாழ்ப்பாணத்தில் கலவளர்ப்பு என்றால் அன்று பாதி வேலை அதுதான்.

நான் வளர்த்தவை கே562 கலங்கள். நாட்பட்ட மைலோயிட் குருதிப் புற்றுநோய் முற்றியிருந்த 53 வயதுப் பெண் ஒருவரிடமிருந்து 1970களில் பெறப்பட்ட கலங்களின் வழிவந்தவை. மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்களில் 9ஆவதும் 22ஆவதும் துண்டு மாற்றிக்கொண்டதில் உருவான பி.சி.ஆர்-ஏ.பி.எல் புரதம் இவற்றை ஓயாமல் பெருகவைக்கிறது. அதை முடக்கும் இமாற்றினிப் என்னும் மருந்து 2001 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நான் சோதித்ததோ சின்ன வெங்காயத்திலும் முருங்கையிலையிலும் இருக்கும் குவெர்செற்றின் என்னும் சேர்மத்தை. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் நட்ட குடும்பத்தில் பிறந்தவள் என்பதால், அது வெல்லவேண்டும் என்ற ஆசை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

96 குழித் தட்டில் கலங்களையும் மருந்தையும் இட்டு, இரண்டு நாள் கழித்து எம்.ரி.ரி சேர்ப்போம். மஞ்சளான அந்தச் சாயத்தை உயிருள்ள கலங்கள் ஊதாவாக்கும். ஊதா குறைந்தால் கலங்கள் குறைந்தன என்று பொருள். மருந்தைக் கூட்டக் கூட்ட ஊதா வெளிறியது. ஆனால் மிகக் கூடிய செறிவில் திரும்பவும் இருண்டது. செத்தவை பிழைத்தெழுந்தனவா? மூன்று முறை செய்தும் அதே வளைவு. ஏதோ புதிய பொறிமுறையைக் கண்டுவிட்டதாக இரவெல்லாம் விளக்கம் எழுதினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மேற்பார்வையாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "கலமே இல்லாத குழியில் மருந்தை மட்டும் இட்டுப் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. அன்று மாலை பார்த்தேன். கலம் ஒன்றுகூட இல்லாத குழி மெல்ல ஊதாவாகியது. குவெர்செற்றின் எலத்திரன்களைக் கொடுக்கும் இயல்புடையது; அவற்றை எம்.ரி.ரிக்குக் கொடுத்து, கலங்கள் இல்லாமலே அதை ஊதாவாக்கிவிடுகிறது. பிறகு சாயமிடுமுன் கலங்களைச் சுழற்றிப் படியவைத்து, மருந்து கலந்த பழைய வளர்ப்பூடகத்தை நீக்கினேன். இறந்த கலங்களை மட்டும் நீலமாக்கும் ட்ரைபான் நீலமிட்டு நுணுக்குக்காட்டியில் ஒவ்வொன்றாக எண்ணியும் பார்த்தேன். கூடிய செறிவில் திரும்பவும் ஏறிய வளைவு இப்போது ஏறவில்லை. கலங்கள் இறந்ததும் உண்மைதான். ஆனால் அதற்குத் தேவைப்பட்ட செறிவு பல பத்து மைக்ரோமோலர். உண்ட வெங்காயத்தின் குவெர்செற்றினோ குடலிலும் ஈரலிலும் பெரும்பாலும் உருமாறிவிடுகிறது. குருதியில் அந்த அளவு சேர்வதில்லை.

இதையெல்லாம் அடுத்த வீட்டு மாமிக்கு எப்படிச் சொல்வது? அவருடைய கணவர் இதே நோய்க்கு நாள்தோறும் குளிசை எடுப்பவர். "பிள்ளை, குளிசையை விட்டுவிட்டு வெங்காயத்தையே கூடுதலாகக் கொடுத்தால் என்ன?" என்று வேலியருகே கேட்டார்.

"மாமி, நான் கலங்களைக் கொன்றது தட்டில். அந்த அளவு மருந்து வெங்காயம் தின்று உடம்பில் சேராது. குளிசையை ஒரு நாளும் விடவேண்டாம்."

அவர் முகம் சற்று வாடியது. அடுத்த கிளினிக் எப்போது என்று கேட்டேன், வியாழன் என்றார். உள்ளே போய் ஒரு கிண்ணம் முருங்கையிலை வறை கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டினார். தேங்காய்ப்பூ தாராளம், வெங்காயமும் தாராளம்.