காசியில் கிடந்த ஹரிகேன்

லண்டனிலிருந்து பிக்கிள்ஸ்வேடுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இறங்கியதும் பழைய விமானங்கள் பறக்கும் ஓல்ட் வார்டன் விமானத் திடலுக்குப் பஸ் இருக்கும் என்று நம்பியது என் தப்பு. அன்று ஞாயிற்றுக்கிழமை. டாக்சிக்குக் காத்திருந்து அலுத்து, எலுமிச்சை சாத டப்பாவோடு நடக்க ஆரம்பித்தேன். ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாது. பாதி வழியில் தலைக்கு மேல் ஏதோ ஒன்று உறுமிக்கொண்டு போனது. அண்ணாந்து பார்ப்பதற்குள் மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அப்புறம் நடந்த தூரம் தெரியவில்லை.

ஓல்ட் வார்டனில் ஓடுபாதை வெறும் புல்தரைதான். பழைய விமானங்களையும் கார்களையும் ஆசை ஆசையாகச் சேர்த்த ரிச்சர்ட் ஷட்டில்வொர்த்தின் இடம் இது. அவர் 1940 ஆகஸ்டில் விமானப் படைப் பயிற்சியின்போது விபத்தில் இறந்தார். ஒரே மகனை இழந்த அம்மா டோரதி, 1944இல் அவன் பெயரில் அறக்கட்டளை வைத்தார். 1909ஆம் வருஷத்து பிளேரியோ விமானம் ஒன்று இங்கே இன்னும் தரையைவிட்டு எழும்புகிறது. ஆனால் இலை அசைந்தால்கூட அதை வெளியே எடுக்க மாட்டார்களாம். அன்று காற்று இருந்தது.

சரி, நான் வந்தது ஹாக்கர் ஹரிகேன் ஆர் 4118 என்ற இரண்டாம் உலகப் போர்ச் சண்டை விமானத்துக்காக. 1940இல் 605ஆம் படைப்பிரிவில் சேர்ந்து, லண்டனுக்குத் தெற்கே கிராய்டனிலிருந்து, ஜெர்மன் விமானப் படையை எதிர்த்த பிரிட்டன் வான்போரில் பறந்தது. மொத்தம் 49 முறை சண்டைக்குப் போய்வந்தது. அப்புறம்தான் கதை திரும்புகிறது. 1943 கடைசியில் இதைப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கடைசியில் போய்ச் சேர்ந்தது காசி இந்துப் பல்கலைக்கழகம். பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்த ஒரு மாதிரி. பாடமெல்லாம் முடிந்தபின் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் கிடந்தது.

பீட்டர் வாச்சர் என்ற ஆங்கிலேயர் 1982இல் பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார் தேடி இந்தியா வந்தபோது இதைப் பார்த்திருக்கிறார். பார்த்தவுடன் வாங்கிவிட முடியுமா? நம் ஊரில் ஒரு அரசு அலுவலகத்துப் பழைய மேஜையை ஏலத்தில் எடுப்பதற்கே எத்தனை கையெழுத்து! 2001இல்தான் அது அவர் கைக்கு வந்தது. பிறகு மூன்று வருஷத்துக்கும் மேல் வேலை. 2004 டிசம்பர் 23 அன்று மறுபடி பறந்தது. போரில் இதை ஓட்டிய பாப் ஃபாஸ்டர் அப்போது உயிரோடு இருந்தார்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால், பின்பாதி உடம்பில் துணிக்கு அடியில் மரச்சட்டங்கள் வரி வரியாகத் தெரிகின்றன, மெலிந்த மாட்டின் விலா எலும்பு மாதிரி. ஆமாம், துணிதான். உள்ளே உலோகக் குழாய்க் கூடு, அதன் மேல் மரச்சட்டம், அதன் மேல் இறுக்கிப் போர்த்து வார்னிஷ் பூசிய துணி. குண்டு துணியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும், படைத்தளத்திலேயே ஒட்டுப் போட்டு அனுப்பிவிடலாம். வான்போரில் ஸ்பிட்ஃபயர் என்ற இன்னொரு சண்டை விமானத்துக்குத்தான் பேர் கிடைத்தது, ஆனால் அதிக எதிரி விமானங்களை வீழ்த்தியவை ஹரிகேன்கள். எனக்கு இந்தக் கூனல் முதுகுக்காரன் மேல்தான் பிரியம்.

துணி புதுசு, மரம் புதுசு, பிறகு இது பழைய விமானம்தானா என்று பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். “இங்கே வருகிற எல்லோரும் இதைத்தான் கேட்கிறீர்கள்” என்று சிரித்தார். குடமுழுக்குக்குச் சாரம் கட்டிச் சுதையெல்லாம் புதுப்பித்த கோபுரத்தை நாம் புதுக் கோயில் என்றா சொல்கிறோம்? இதை அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கிப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

அவர் சொல்லித்தான் இன்னொன்று தெரிந்தது. அங்கே நின்ற, கடற்படைக்கான சீ ஹரிகேன் இசட் 7015, ஸ்பிட்ஃபயர் ஏ.ஆர். 501 இரண்டுமே லஃப்பரோ கல்லூரியில் மாணவர்கள் கழற்றி மாட்டிப் படித்தவை. 1961இல் ஒரு ஜெட் விமானத்தைக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டு இந்த இரண்டையும் வாங்கி வந்தார்களாம். போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கில் உடைத்து உருக்கினார்களே, அந்த உலைக்குத் தப்பிய மூன்று, வகுப்பறை வாசலில் ஒதுங்கியவை!

ஆர் 4118ஐ முடுக்கினார்கள். புரொப்பெல்லர் தயங்கித் தயங்கி நாலைந்து சுற்று. புகைக்குழாய்களிலிருந்து வெண்புகை. ஒரு இருமல். அப்புறம் 12 சிலிண்டரும் பிடித்துக்கொள்ள, பின்னால் புல் மொத்தமும் படுத்தது. மெர்லின் எஞ்சின் சத்தம் காதுக்கு வருவதற்கு முன் நெஞ்சில் இடிக்கிறது. புல்லில் குதித்துக் குதித்து ஓடி, எழும்பி, சாய்ந்து திரும்பியபோது இறக்கைக்கு அடியில் வெயில் பட்டது. கேமராவைத் தூக்க மறந்துவிட்டேன். இரண்டாவது சுற்றில்தான் போனில் வீடியோ எடுத்தேன்.

இரவு அதைக் காசியில் தொண்ணூறுகளில் எஞ்சினியரிங் படித்த நண்பனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

“டேய், அதுவா? அந்த எலும்புக்கூட்டைத் தாண்டித்தானே டீ குடிக்கப் போவோம்!”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அந்தப் பக்கம் வீடியோ மறுபடி ஓடுவது மட்டும் கேட்டது.