வெட்டப்பட்ட 18 நிமிடங்களும் எங்கள் வீட்டுப் பேச்சும்

எங்கள் குடும்பத்தில் திரைப்படக் கலையை முறையாகக் கற்றவர் ஒருவரும் இல்லை. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, திரைக்கதை என்று பிரித்துப் பேசும் பழக்கமும் எங்களுக்குக் கிடையாது. ஆனாலும் யாராவது ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் அன்று இரவுச் சாப்பாடு முடியும்வரை அந்தப் படமே பேச்சாக இருக்கும். அம்மா, அத்தை, மாமா, தங்கை, எப்போதாவது வந்துபோகும் நண்பர்கள் என்று ஆளுக்கொரு கருத்து வரும். இப்படிப் பல மாதங்களாகக் கேட்டதிலிருந்து ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: "நல்ல படம்", "சுமார்" என்று முழுப் படத்துக்கும் சேர்த்துச் சொல்லப்படும் தீர்ப்பு கேட்பவருக்கு எதையும் தருவதில்லை, படத்தின் எந்த இடத்தில் தன் மனம் நின்றது, அது ஏன் அங்கே நின்றது என்று ஒருவர் சொல்லும்போதுதான் அந்தப் படமும் தெரிகிறது, சொல்பவரும் தெரிகிறார்.

இதற்கு நான் கண்ட மிகத் தெளிவான சான்று, 2024 செப்டம்பர் 27 அன்று வெளியான 'மெய்யழகன்'. சொத்துத் தகராறில் 1996இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து, இரவோடு இரவாகச் சென்னைக்குக் கிளம்பும் குடும்பத்தின் மகன் அருள்மொழி. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, தங்கை முறையான புவனாவின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். போனோம், மொய் வைத்தோம், கடைசிப் பேருந்தைப் பிடித்துத் திரும்பினோம் என்று முடித்துக்கொள்வதே அவருடைய திட்டம். அங்கே "அத்தான்" என்று அழைத்துக்கொண்டு ஒருவன் ஒட்டிக்கொள்கிறான். அவன் யார், எந்த வழியில் உறவு, பெயர் என்ன என்று எதுவும் அருளுக்கு நினைவில்லை. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. பேருந்து தவறிப்போய், அன்று இரவு அவன் வீட்டிலேயே தங்க நேர்கிறது.

படம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடியது. வெளியான சில நாட்களிலேயே, இரண்டாம் பாதி இழுவையாக இருக்கிறது என்ற புகார் எல்லாத் திசைகளிலிருந்தும் எழுந்தது. அதன் பின்னர் ஏறத்தாழ 18 நிமிடக் காட்சிகளை நீக்கி, சுருக்கப்பட்ட வடிவத்தைத் திரையரங்குகளில் ஓட்டினார்கள். பார்வையாளர்கள் பேசிக்கொள்வதற்கு இவ்வளவு வலிமை இருக்கிறது என்பதை நான் அப்போதுதான் நேராக உணர்ந்தேன். திரையரங்கை விட்டு வெளியே வரும்போது நாம் போகிறபோக்கில் சொல்லும் ஒரு சொல், இயக்குநர் மாதக்கணக்கில் யோசித்துக் கோத்த ஒரு காட்சியை எடுத்துவிடக்கூடும்.

எங்கள் வீட்டில் மாமாவைத் தவிர மற்றவர்கள் முதல் வாரத்திலேயே முழுப் படத்தையும் பார்த்துவிட்டோம். என் தங்கை, அந்த இரண்டு பேரும் இரவெல்லாம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், நான் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டேன் என்று சொன்னாள். அத்தை அதை ஏற்கவில்லை. அவருடைய பிறந்த வீடு கும்பகோணம் பக்கம். பாகப்பிரிவினைக்குப் பிறகு அவர் அந்தத் தெருவுக்கே போனதில்லை. அவருக்குப் பிடித்திருந்த இடம், யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று. மணமேடையில் இருக்கும் புவனா, வரிசையில் நிற்பவர்களையெல்லாம் மறந்துவிட்டு, அண்ணன் கொண்டுவந்த பரிசை அங்கேயே பிரித்துப் பார்க்கும் இடம். "மொய்க்கவரை வாங்கிப் பக்கத்துல இருக்கிறவங்க கையில கொடுத்துட்டு அடுத்த ஆளைப் பார்த்துச் சிரிக்கிறதுதானே வழக்கம்? அவ அப்படிச் செய்யலையே. அவளுக்கு அண்ணன் வந்ததுதான் கல்யாணம்" என்றார். நானும் அந்தக் காட்சியில் கண் கலங்கினேன்; ஆனால் கலங்கியதற்கான காரணம் அத்தை சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.

தங்கையின் புகாரையும் நான் தள்ளிவிடவில்லை. அவள் சொன்னதை வைத்தே யோசித்துப் பார்த்தேன். அந்த நீண்ட இரவில் அருளுக்கும் அதே தவிப்புத்தான். எழுந்து போக முடியாது, தூங்கவும் விடமாட்டான், அவன் காட்டும் அன்புக்குப் பதில் சொல்லப் பெயர்கூடத் தெரியாது. அந்தச் சங்கடம் மெல்ல மெல்லக் கரைந்து, தான் விட்டுவிட்டுப் போன ஒரு பழைய சைக்கிள் இவன் குடும்பத்தை எப்படி நிமிர்த்தியது என்று கேட்கும்போது அருள் உடைந்துபோகிறார். அந்த இடத்துக்கு வந்துசேரப் பார்வையாளனுக்கும் நேரம் வேண்டும். பேச்சில் சில இடங்கள் பாடம் நடத்துவதுபோல் இருந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றைப் படப்பிடிப்புக்கு முன்பே, எழுத்திலேயே குறைத்திருக்கலாம். வெளியான படத்தை, நான்கு நாள் புகாருக்காக வெட்டியது சரியல்ல என்பதே என் எண்ணம். சுருக்கிய வடிவத்தைப் பார்த்த மாமா, "நல்லா இருந்துச்சு, ஆனா அவர் ஏன் அவ்வளவு அழறார்னுதான் பிடிபடலை" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

ஏறக்குறைய ஒரு மாதத்தில் படம் நெட்பிளிக்ஸுக்கு வந்தது. அதுவரை வாய்திறக்காதவர்கள் பலர் அதன் பிறகு அதைக் கொண்டாடினார்கள். எங்கள் உறவினர்களிலேயே, திரையரங்கில் பார்த்துச் சலித்துக்கொண்டவர்கள் வீட்டில் இரண்டு மூன்று இரவுகளாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, விட்டுப்போன உறவுகளுக்குத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார்கள். பார்த்த பொழுதும் பார்த்த இடமும் மாறியிருந்தன. ஆகவே இப்போதெல்லாம் ஒருவர் ஒரு படத்தைப் பற்றிக் கருத்துச் சொன்னால், எங்கே பார்த்தீர்கள், யாரோடு பார்த்தீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் நாள் முதல் காட்சி முடிந்ததும் வாசலில் ஒலிவாங்கியை நீட்டிக் கருத்துக் கேட்கும் வழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பில், திரையரங்க வளாகத்துக்குள் யூடியூபர்களை அனுமதிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். படம் வெளியான முதல் 3 நாட்களுக்கு விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுக்கப்பட்டது. இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. மறுத்ததே சரி. காசு கொடுத்துப் பார்த்தவரை வாய்மூடச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்து கண் கூசிக்கொண்டிருக்கும் நிமிடத்தில் ஒருவர் சொல்வதைவிட, அதே மனிதர் நான்கு நாட்கள் கழித்துச் சொல்வது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நான்கு நாட்களுக்குப் பிறகும் ஒரு காட்சி நினைவில் இருந்தால் அது படத்தின் பலம்தான்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று 'வாழை'யும் 'கொட்டுக்காளி'யும் ஒரே நாளில் வெளிவந்தன. மாரி செல்வராஜின் 'வாழை' எங்கள் வீட்டில் எல்லோரையும் கட்டிப்போட்டது. பள்ளிக்கூடம் போக ஆசைப்படும் சிறுவன் சிவனணைந்தான், விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கப் போகவேண்டிய கட்டாயத்தில் இருக்கிறான். ரஜினி பெரியவரா கமல் பெரியவரா என்று அவனும் சேகரும் மோதிக்கொள்ளும் காட்சிகளில் அரங்கமே சிரித்தது. மாமாவின் நண்பர் ஒருவர் தாமிரபரணிக் கரையைச் சேர்ந்தவர். சிறு வயதில் தார் சுமந்தவர். அவர் இறுதிக் காட்சியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. தாரை இறக்கிய பிறகு உடனே கழுத்தைத் திருப்ப முடியாது, உடம்பையே திருப்பித்தான் பக்கத்தில் நிற்பவனைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுந்து நின்று அதைச் செய்தும் காட்டினார். அதன் பிறகு அந்தப் படத்தை மீண்டும் பார்த்தபோது, சேற்றுக்குள் வரிசையாக நடக்கும் ஒவ்வொருவரின் தோளையும் கழுத்தையும் என் கண் தேடிக்கொண்டே இருந்தது.

'கொட்டுக்காளி'க்குத்தான் எங்கள் வீடு இரண்டுபட்டது. பி.எஸ். வினோத்ராஜின் முதல் படமான 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் உயரிய விருதைப் பெற்றது. இது அவருடைய இரண்டாவது படம். வேறு சாதிப் பையன் ஒருவனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டதாகச் சொல்லி, குடும்பமே ஆட்டோவிலும் இருசக்கர வாகனங்களிலும் அவளைப் பூசாரியிடம் அழைத்துப் போகிறது. அவளை மணக்க நிச்சயிக்கப்பட்ட பாண்டி, கட்டிப்போன தொண்டையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கரகரத்த குரலில் எல்லோரையும் அதட்டிக்கொண்டே வருகிறான். படம் முழுவதும் பின்னணி இசையே இல்லை. வண்டிச் சத்தமும் காற்றும் சேவலும்தான் கேட்கின்றன.

"ரெண்டு மணி நேரமா ஆட்டோ போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்குது, கடைசியில என்ன ஆச்சுன்னும் சொல்லலை" என்று மாமா கோபப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பி, டிக்கெட்டும் பாப்கார்னும் வாங்கி உட்காரும் ஒருவர், முடிவை என் தலையில் ஏன் கட்டுகிறாய் என்று கேட்பதில் நியாயம் உண்டு. அவரைப் பார்த்து, உங்களுக்குக் கலைப்படம் புரியாது என்று சொல்பவர்களை எனக்கு அறவே பிடிக்காது. அப்படிச் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவரும் அதன் பிறகு அப்படிப்பட்ட படத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

அன்று பேச்சை முடியவிடாமல் பிடித்துக்கொண்டவள் என் தங்கை. 'மெய்யழகன்' இழுவை என்று பின்னால் சொல்லப்போகும் அதே தங்கைதான். அவள் இரண்டு இடங்களைச் சொன்னாள். ஒன்று, மீனாவை உள்ளே வைத்துக்கொண்டே ஆண்கள் ஆட்டோவை அப்படியே தூக்கித் திருப்பி வைக்கும் இடம். இறங்கு என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை, இறங்கட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. அவள் ஒரு மூட்டையைப்போல உள்ளே இருக்கிறாள். இன்னொன்று, வழியை மறித்து நிற்கும் காளை. அத்தனை ஆண்கள் இருந்தும் ஒருவரும் கிட்டே போகத் துணியாதபோது, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். "அந்தப் பொண்ணு பெரியவளானா அவளையும் இதே ஆட்டோவுல ஏத்துவாங்க மாமா" என்று அவள் சொன்னதும் மாமா பதில் பேசவில்லை. படம் பிடித்துவிட்டது என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் முடிவே இல்லை என்ற புகாரை அதற்குப் பிறகு அவர் எடுக்கவுமில்லை. பாண்டி கடைசியில் வண்டியைத் திருப்பியிருப்பான் என்றுதான் வாதாடுகிறார். தங்கை, திருப்பியிருக்க மாட்டான் என்கிறாள். நான் தங்கையின் பக்கம். பூசாரியிடம் இன்னொரு பெண் படும் பாட்டைப் பார்த்த பிறகு பாண்டியின் முகத்தில் வருவது தயக்கம் மட்டுமே. அந்தத் தயக்கம் வீடு போய்ச் சேரும்வரை நிலைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

'லப்பர் பந்து'வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அதில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை. கிரிக்கெட்டின் அடிப்படைகூடத் தெரியாத அம்மா, கிரிக்கெட் ஆடும் கெத்துவின் மனைவி யசோதை டிராக்டரை ஓட்டிவந்து ஆடுகளத்தை உழுதுவிடும் இடத்தில் கைதட்டினார். அது கிரிக்கெட் படமே இல்லை, கெத்தும் யசோதையும் குடும்பம் நடத்துகிற படம் என்பது அவர் முடிவு. ஆட்டத்துக்குள்ளும் சாதி எப்படி ஆளைத் தேர்ந்தெடுக்கிறது என்பதை மாமா பிடித்துக்கொண்டார். இரண்டும் அந்தப் படத்தில் இருக்கின்றன.

அண்மையில் எங்களை அதிகம் பேசவைத்தது 2025 மே மாதம் வெளியான 'டூரிஸ்ட் ஃபேமிலி'. பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து கடல் கடந்து இராமேசுவரம் வந்து, சென்னையில் ஒரு குடியிருப்பில் வாடகைக்கு அமரும் தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவுக்கு அந்தத் தெருவில் நடக்கும் சாவு வீட்டுக் காட்சிதான் எல்லாமே. இறந்துபோன ஒரு முதியவளுக்கு, நேற்று வந்த குடும்பம் முன்னின்று எல்லாவற்றையும் செய்கிறது. அந்த அன்பை அம்மா அப்படியே நம்பினார்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு சென்னைக்கு வந்துவிட்ட என் நண்பர் ஒருவர் அன்று வீட்டில் இருந்தார். பேச்சுத் தமிழ் சில இடங்களில் சறுக்குகிறது என்று தொடங்கியவர், வெளியே போனால் வாயைத் திறக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் காட்சிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். "எங்கட அம்மாவும் இப்பிடித்தான். கடைக்குப் போனா நீ கதைக்காதை, நான் கதைக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டே வருவா. அவவும் கடைக்காரரிட்ட கையைக் காட்டித்தான் சாமான் வாங்குவா" என்றார். ஆனால் அவருக்குப் படத்தின் மேல் ஒரு மனக்குறை இருக்கிறது. 2022இல் அப்படிப் படகில் வந்தவர்கள் இராமேசுவரம் அருகே மண்டபம் என்ற ஊரிலுள்ள அகதிகள் முகாமுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு வந்தவர்களில் பலரும் இன்னும் தமிழ்நாட்டு முகாம்களில்தான் இருக்கிறார்கள். 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. படத்தில் காவலரின் மனம் இளகுகிறது, தெருவே கைகோக்கிறது. தான் பார்த்த வாழ்க்கையில் அது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை என்றார்.

அம்மா அவரை மறுக்கவில்லை. "நடந்ததைச் சொல்றது ஒரு படம்ப்பா. நடந்திருக்கணும்னு சொல்றது இன்னொரு படம். எனக்கு இது ரெண்டாவது" என்றார். அறிமுக இயக்குநர் ஒருவர் அந்த இரண்டாவது வழியைத் தேர்ந்ததில் எனக்குக் குறை இல்லை. முதல் வழியில் போகும் படம் ஒன்று நம்மிடம் இன்னும் போதுமான அளவு வரவில்லை என்ற நண்பரின் ஆதங்கமும் எனக்கு உண்டு. மண்டபம் முகாமில் நடக்கும் கதை ஒன்று வந்தால் முதல் வாரமே போகலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். நண்பர் தன் அம்மாவையும் அழைத்துவருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.