செயின்ட் அகஸ்டினில் நீண்டுபோன தங்கல்

நவம்பர் 18

பைன் ஐலண்ட் அருகே இரவைக் கழித்துவிட்டு, காலையில் நங்கூரத்தை எடுத்து, முற்பகலிலேயே ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினை அடைந்துவிட்டோம். வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் தொடங்கித் தெற்கே செல்லும் கரையோர உள்நீர்வழியில் இவ்வூர் 778-ஆம் மைலில் இருக்கிறது. ஊருக்குள் நுழையுமுன் முகத்துவாரத்தைக் குறுக்காகக் கடக்க வேண்டும். மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் அங்குள்ள வழிகாட்டும் மிதவைகளையும் அடிக்கடி மாற்றி வைக்கிறார்கள். ஆகவே கடல்வரைபடத்தை விடக் கண்ணை நம்புவதே நல்லது. அதன் பிறகு வலப்புறம் ஸ்பானியக் கோட்டை. எதிரே 1927-இல் திறக்கப்பட்ட சிங்கப் பாலம். பகலில் மணிக்கும் அரைமணிக்கும்தான் அது படகுகளுக்காகத் தூக்கப்படும் என்பதால், எதிர்நீரோட்டத்தில் எஞ்சினை மெல்ல ஓட்டியபடி நின்ற இடத்திலேயே நின்று காத்திருந்தோம். பாலத்துக்குத் தெற்கே மிதவையொன்றில் படகைக் கட்டிவிட்டு, ரப்பர் படகில் கரையேறினோம்.

நண்பரும் அவர் மனைவியும் படித்துறையிலேயே நின்றிருந்தார்கள். மதுரைக்காரர்கள்; நண்பர் ஜாக்சன்வில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் அனஸ்தேசியா தீவில் வீடு வாங்கிக் குடியேறியவர்கள். படகில் வருபவரிடம் எந்த இடத்துக்கு வருவார் என்று கேட்கலாம் அல்லது எந்த நாளில் வருவார் என்று கேட்கலாம், இரண்டையும் சேர்த்துக் கேட்கக் கூடாது என்று கடலோடிகள் சொல்வதுண்டு. இவர்கள் இடத்தை மட்டுமே கேட்டார்கள். மூன்று நாளில் கிளம்பிவிடுவோம் என்றதும், "மூணு நாளைக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக தம்பி?" என்றார் அக்கா.

நவம்பர் 20

எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் பம்பின் அச்சுக்கடியில் உப்புப் படிந்திருந்தது. உள்ளேயிருக்கும் தடுப்பு வளையம் தேய்ந்து நீர் கசிகிறது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. கசிவு சிறியதுதான், ஆனால் உப்புநீர் பெல்ட்டில் தெறித்து, அங்கிருந்து மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வரை போகும். புதிய பம்புக்குச் சொல்லிவிட்டோம். வீடில்லாமல் படகில் திரிபவர்களுக்குப் பொருளைத் தேர்ந்தெடுப்பதை விட அதை எங்கே அனுப்பச் சொல்வது என்பதுதான் பெரும்பாடு. நண்பரின் முகவரியைக் கொடுக்க முடிந்தது. மூன்று நாள் என்ற பேச்சும் அதோடு முடிந்தது.

நவம்பர் 23

கோட்டைக்குப் போனோம். 1672-இல் தொடங்கி 1695-இல் முடித்த காஸ்டில்லோ டி சான் மார்கோஸ், கொக்கினா என்னும் கல்லால் ஆனது. சிறு சிப்பிகள் காலப்போக்கில் ஒன்றோடொன்று இறுகிக் கல்லான அதை, நண்பர் வீடிருக்கும் அதே அனஸ்தேசியா தீவில்தான் வெட்டி எடுத்துப் படகில் கொண்டு வந்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் உதிர்ந்துவிடுமோ என்று தோன்றும். ஆனால் நுண்துளைகள் நிறைந்திருப்பதால், பீரங்கிக் குண்டு பட்டால் சுவர் விரிசல் விடாமல் குண்டை உள்வாங்கிக்கொள்கிறது. 1702-இன் கடைசி மாதங்களில் கரோலினாவிலிருந்து ஜேம்ஸ் மூர் தலைமையில் வந்த ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது, ஊர் மக்களும் வீரர்களுமாகச் சுமார் 1,500 பேர் இதற்குள் அடைந்து கிடந்து உயிர் தப்பினார்கள். ஹவானாவிலிருந்து வந்த ஸ்பானியக் கப்பல்கள் முகத்துவாரத்தை அடைத்ததும், மூர் ஊரையும் தன் கப்பல்களையும் கொளுத்திவிட்டுத் தரைவழியே திரும்பினார். நாங்கள் கண்ணை நம்பிக் கடந்து வந்த அதே முகத்துவாரம்தான். வெளியேற ஒரே வாசலுள்ள துறைமுகத்தில் நுழைவது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதை, படகோட்டிப் பழகியவர்கள் அந்த மதில்மேல் நின்றால் உடனே உணர்வார்கள்.

நவம்பர் 28

நன்றி நவிலும் நாள். பக்கத்து மிதவைகளில் இருந்த இரண்டு தம்பதியரையும் அழைத்து வரச் சொல்லிவிட்டார் அக்கா. 1621-இல் பிளிமத்தில் நடந்த விருந்தைத்தான் நாடு முழுவதும் முதல் நன்றி விருந்தென்று கொண்டாடுகிறது. இவ்வூர்க்காரர்களோ, 1565 செப்டம்பர் 8 அன்று ஸ்பானியத் தளபதி பெட்ரோ மெனெண்டெஸ் கரையிறங்கி, பூசை முடித்து, இங்கிருந்த பழங்குடிகளான திமுக்குவா மக்களோடு உண்டதே முந்தையது என்கிறார்கள். தேதிகள் அவர்கள் பக்கம்தான் இருக்கின்றன.

வழக்கமான வான்கோழி இல்லை. தக்காளியில் சிப்பிக்கறி போட்டுக் கொதிக்கவைத்த மினோர்க்கச் சூப்பும், அக்காவின் பிரியாணியும். சூப்பில் காரம் தருவது டாட்டில் என்ற மஞ்சள் மிளகாய். பார்வைக்குச் சிறியது, காரத்தில் ஹபனேரோ என்னும் கடுங்கார மிளகாய்க்குச் சமமானது. இந்த வட்டாரத்துக்கு வெளியே அரிதாகவே பயிராகிறது. அதை இன்றுவரை போற்றி வளர்ப்பவர்கள், மத்தியதரைக் கடல் தீவான மினோர்க்காவிலிருந்து வந்த மினோர்க்கர்களின் வழிவந்தவர்கள். 1768-இல் ஆண்ட்ரூ டர்ன்புல் என்பவர் நியூ ஸ்மர்னாவில் அவுரித் தோட்டம் போட மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து கூலிகளைக் கொண்டுவந்தார்; நோயிலும் கொடுமையிலும் பெரும்பகுதியினர் மடிய, எஞ்சியவர்கள் 1777-இல் தோட்டத்தை விட்டு வெளியேறி இங்கே வந்து சேர்ந்தார்கள். ஒப்பந்தக் கூலிகளின் கதை தமிழர்களுக்குப் புதிதல்ல என்பதால், மேசையில் அன்று அதைப் பற்றித்தான் வெகுநேரம் பேசினோம். அக்கா கொல்லையில் நாலு டாட்டில் செடி வைத்திருக்கிறார். அதில் தொக்கு போட்டு, நல்லெண்ணெய் மிதக்க ஒரு பாட்டில் கொடுத்தார்.

டிசம்பர் 1

அமாவாசையும் வாடைக் காற்றும் சேர்ந்துகொண்டன. குளிர்காற்றின் முன்விளிம்பான குளிர்முகம் கடந்தபின் காற்று வடகிழக்குக்குத் திரும்பிக் கடலைக் கரைநோக்கித் தள்ள, காலை ஓதத்தில் மழைநீர் வடிகால்கள் வழியே உப்புநீர் ஏறித் தாழ்வான தெருக்களில் நின்றது. மிதவையிலோ வேறு தொல்லை. நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று மறுபக்கமும் இழுக்கையில், படகு தன் மிதவையின் மேலேயே ஏறி இரவெல்லாம் முட்டிக்கொண்டிருக்கும். இரண்டு இரவுகள் நண்பர் வீட்டில் படுத்தோம். அசையாத கட்டிலில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 4

பம்பு நேற்று வந்தது, இன்று மாற்றியாயிற்று. பிற்பகலில் ஊருக்கு வடக்கே உள்ள ஃபோர்ட் மோசே. கரோலினாவின் அடிமைத் தோட்டங்களிலிருந்து தப்பி வந்தவர்கள் கத்தோலிக்கம் தழுவி ஸ்பானியப் படையில் சேர்ந்தால் விடுதலை என்ற ஏற்பாட்டின்படி, 1738-இல் ஸ்பானிய ஆளுநர் மான்டியானோ அமைத்த கறுப்பின மக்களின் குடியிருப்பு அது. ஊர் முழுக்க நவம்பர் நடுவிலிருந்து பண்டிகைக்கால வெள்ளை விளக்குகள் எரிகின்றன, அவற்றைக் காணக் கூட்டமோ தாளவில்லை. இங்கே சதுப்புப் புல்லும் சில கொக்குகளும் மட்டுமே. எனக்கு இந்த ஊரில் மிக முக்கியமான இடம் இதுவென்று பட்டது. நண்பரோ இத்தனை ஆண்டில் இங்கு வந்தது இதுவே முதல் முறை என்றார்.

டிசம்பர் 7

காலை ஏழு மணிக்கு, ஓதம் வற்றி மீண்டும் ஏறத் தொடங்கிய நேரத்தில் மிதவையை விட்டோம். மட்டான்சாஸ் முகத்துவாரத்தருகே உள்நீர்வழியில் மணல் அடைத்துக்கொள்வது வழக்கம். நீர் பாதி ஏறிய வேளையில் அங்கே போய்ச் சேர்ந்தால், தரை தட்டினாலும் ஏறும் நீரே தூக்கிவிடும். வற்றும் நீரில் தட்டினால் அடுத்த ஓதம்வரை சாய்ந்து கிடக்க வேண்டியதுதான். தட்டவில்லை. நண்பர் கிரெசன்ட் பீச் பாலத்தின்மேல் நின்று கையசைத்தார், அக்கா படம் எடுத்தார்.

மூன்று மணிக்கு டேடோனா பீச்சில் பாலங்களுக்கிடையே நங்கூரம் போட்டோம். பம்பின் அடியில் ஈரமில்லை. நாளை நியூ ஸ்மர்னாவைக் கடந்து மஸ்கீட்டோ லகூன். அதன்பிறகு, பஹாமாஸுக்குக் கடலேறும் லேக் வொர்த் வரை அவசரமில்லை. வடக்கு நோக்கி ஓடும் வளைகுடா நீரோட்டத்தை வாடை எதிர்க்கையில் அலை செங்குத்தாக எழும் என்பதால், தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ காற்று மென்மையாக வீசும் நாள் கிடைத்த பிறகே பஹாமாஸுக்குக் கடப்போம்.