இ.ஜி.ஆர். வால்வை அடைத்தேன், ஐந்து மாதத்தில் திறந்தேன்

திம்பம் மலைப்பாதையில் மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். குடும்பத்தோடு தாளவாடிக்குப் போன அன்று, ஒன்பதாவது வளைவிலேயே என் டீசல் காருக்கு மூச்சு முட்டிவிட்டது. இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் மிதித்தும் வண்டி ஏறவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே கரும்புகை. ஓரம் கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரிலேயே உருட்டி மேலே போய்ச் சேர்ந்தோம்.

ஊர் திரும்பியதும் நம் மெக்கானிக் தம்பியிடம் விட்டேன். ஸ்கேனர் மாட்டிப் பார்த்தவர், எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் பைப்பைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். கரும்பாலைக் கொப்பரையில் அடிப்பிடித்த பாகு மாதிரி உள்சுவரெல்லாம் கரிப்பிசுக்கு. இரண்டு விரல் நுழைய வேண்டிய வழியில் சுண்டுவிரல்தான் போனது.

“ஏனுங்கண்ணா, ஈஜிஆர் வால்வு கரி புடிச்சு தொறந்தபடியே நின்னு போச்சுங்க. ஒரு தகடு வெட்டி அடைச்சுப்போட்டா அப்புறம் இந்தத் தொல்லையே இல்லீங்க. எல்லாரும் அதான் பண்றாங்க.”

ஈஜிஆர் என்பது வெளியே போகும் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும் வால்வு. சரி என்றேன். பக்கத்து லேத் பட்டறையில் வால்வு இணைப்பில் இருந்த பழைய காஸ்கெட்டை அச்சாக வைத்து ஒன்றரை மில்லி எஃகுத் தகட்டில் வெட்டி வாங்கினோம். அலுமினியத் தகடு புகைச் சூட்டுக்குத் தாங்காது. இரண்டு போல்ட், பத்து நிமிட வேலை. வீட்டுக்கு ஓட்டி வரும்போதே பிக்கப் நன்றாகத் தெரிந்தது. மறுக்க மாட்டேன், அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது.

அந்த வால்வு எதற்கு இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். டீசல் மிக அதிகச் சூட்டில் எரியும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. வெளியே போகும் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டால் ஆக்சிஜன் குறையும், எரியும் சூடு தணியும், அந்த வாயுவும் குறையும். வண்டி சும்மா நிற்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் வால்வு திறக்கும். முழுசாக மிதித்தால் மூடிக்கொள்ள வேண்டும். திம்பத்தில் என் வால்வு மூடவில்லை. காற்று வேண்டிய நேரத்தில் புகை நுழைந்ததால் டீசல் பாதி எரிந்து கரியாக வெளியே வந்தது.

தகடு போட்ட நாலாம் நாள் எஞ்சின் லைட் எரிந்தது. வால்வைத் திறந்தால் வெளிக்காற்று இவ்வளவு குறைய வேண்டும் என்று வண்டியின் கம்ப்யூட்டருக்கு ஒரு கணக்கு உண்டு. குறையாவிட்டால் பி0401 என்று பிழை எண்ணைப் பதிந்துவிடும். அழித்தோம், திரும்ப வந்தது. “தகட்டுல எட்டு மில்லி ஓட்டை போட்டுக்கலாமுங்க, இல்லீன்னா புரோகிராமையே மாத்திரலாமுங்க” என்றார் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை. மார்கழிக் காலையில் எஞ்சின் சூடாகவும் முன்னைவிட நேரம் பிடித்தது, சத்தமும் கடகடவென்று இருந்தது.

என்னை உண்மையிலேயே உறுத்தியது புகைப் பரிசோதனை. சர்டிபிகேட் எடுக்கப் போனால் வண்டி சுலபமாகத் தேறியது, போன முறையைவிடப் புகை குறைவு. காற்று நிறையக் கிடைப்பதால் கரி குறையத்தான் செய்யும். டீசல் வண்டிக்கு அங்கே பார்ப்பது புகையின் அடர்த்தி மட்டும். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடை அந்தக் கருவி அளப்பதில்லை. அது மூச்சுக்குழலை எரிச்சலூட்டும் வாயு. எங்கய்யன் முப்பது வருஷம் தறிக்குடோனில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர், இப்போது இளைப்பு. காலையில் நான் வண்டியை ஸ்டார்ட் செய்து நிறுத்துவது அவர் கட்டில் போட்டிருக்கும் திண்ணைக்கு நேர் எதிரே. அவருக்கு இளைப்பு வந்ததற்கு என் வண்டி காரணமில்லை. ஆனால் அந்தத் திண்ணைப் பக்கம் தெரிந்தே அந்த வாயுவை அதிகமாக விட என்னால் முடியாது.

தை பிறந்ததும் தகட்டைக் கழற்றச் சொன்னேன். இந்தத் தடவை வால்வும், காற்றை எஞ்சினுக்குப் பிரித்துவிடும் மேனிபோல்டும் இரண்டும் வெளியே வந்தன. மேனிபோல்டை ராத்திரி முழுக்க டீசலில் ஊறப்போட்டு, மறுநாள் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, பிரஷ்ஷும் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயுமாக நானும் கூட உட்கார்ந்து தேய்த்தேன். வால்வின் மோட்டார் பக்கம் ஸ்ப்ரே படக்கூடாது, அதை மட்டும் துணி சுற்றி வைத்தோம். வால்வு மூடும்போது உட்காரும் விளிம்பில் ஒரு மிளகளவு கரிக்கட்டி ஒட்டியிருந்தது. வால்வை மூடவிடாமல் தடுத்தது அதுதான். புது காஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். மோட்டாரே செத்திருந்தால் புது வால்வுதான் வாங்க வேண்டும், செலவு பல மடங்கு.

கரி சேர்ந்ததற்கு என் ஓட்டமும் காரணம். சோமனூர், கருமத்தம்பட்டி, மிஞ்சினால் பல்லடம். எஞ்சின் சூடாகும் முன்னாலேயே அணைத்துவிடுவேன். எஞ்சினிலிருந்து வரும் ஆயில் ஆவி குளிர்ந்த பைப்பில் ஒட்டும், அதன் மேல் புகைக்கரி படியும், இரண்டும் சேர்ந்தால் பிசுக்கு. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் பெருந்துறை வரை பைபாஸில் நாலாம் கியரில், 2,500 சுற்றில் ஒரு ஓட்டம். டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றவும் விடுவதில்லை.

வால்வைச் சுத்தம் செய்து மாட்டிய அன்றைக்கு மீட்டரில் 1,14,000 கிலோமீட்டர். போன வாரம் 1,24,000 ஆனதும் வால்வைத் திறந்து பார்த்தோம். சிம்னி விளக்குக் கண்ணாடியில் படிகிற அளவுக்குத்தான் கரி, உலர்ந்த கரி. துணியாலேயே துடைத்து மாட்டிவிட்டார் தம்பி.