சாவி கொடுப்பதற்கு முன்

அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறேன். வீட்டையும் பூனையையும் பார்த்துக்கொள்ள, என்னோடு வேலை பார்ப்பவரின் தங்கை வந்து தங்கப் போகிறாள். பொறுப்பான பெண்தான். ஆனாலும் புது வீடு புது வீடுதானே.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும் என்பார்கள். நமக்கு எது ஞாபகம் வருகிறதோ அதைத்தான் எழுதுவோம், அதுதான் சிக்கல். பழகிப்போய் நம் காதிலேயே விழாத சத்தம் இருக்கிறதே, புதிதாக வருபவரை நடுராத்திரியில் எழுப்பி உட்கார வைப்பது அதுதான். அதனால் அவளை முன்கூட்டியே ஒரு ராத்திரி வந்து தங்கச் சொன்னேன். நான் வீட்டிலேயே இருந்தேன், ஆனால் எதையும் தொடவில்லை. பூட்டுவது, திறப்பது, வெந்நீர், வாஷிங் மெஷின் எல்லாம் அவள் பொறுப்பு. அவள் கேட்ட கேள்விகள் மட்டும் நோட்டில் ஏறின. "அக்கா, ஃபிரிட்ஜ் எப்பவும் இப்படித்தான் உறுமுமா?" உறுமும். பின்வாசல் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் சாவி திரும்பும் என்பது, அவள் சாவியோடு மல்லுக்கட்டியபோதுதான் எனக்கே உறைத்தது. என் கை அதைத் தானாகவே செய்துகொண்டிருந்திருக்கிறது.

தண்ணீர் மெயின் வால்வைக் கையால் காட்டிவிட்டு நகரக் கூடாது. அவளையே ஒரு தடவை மூடித் திறக்க வைத்தேன். ரொம்ப நாள் யாரும் தொடாத வால்வு இறுகிக் கிடக்கும். குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீர் ஓடும் நேரத்திலா அதைக் கண்டுபிடிப்பது? மின்சாரமும் அப்படித்தான். ட்ரிப் ஆகி சுவிட்ச் கீழே விழுந்தால் அதை ஒருமுறை மேலே தள்ளிப் பார்க்கலாம். உடனே மறுபடி விழுந்தால் கடைசியாக மாட்டியதைக் கழற்ற வேண்டும். அப்படியும் நிற்கவில்லையா, விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதே என்றும் சொன்னேன். மூடியே இருந்தால் உள்ளே இருப்பது சுமார் 4 மணி நேரம் தாங்கும். புகை அலாரம் விட்டு விட்டு 'கீச்' என்றால் பெரும்பாலும் பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம்; விடாமல் அலறினால் யோசிக்காமல் வெளியே போய்விட வேண்டும்.

அப்புறம் பூனை. முதல் நாள் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். இழுக்க வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம், தானாக வரும். ஆனால் சாப்பாட்டுத் தட்டில் ஒரு கண் இருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் டாக்டருக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். தொடர்ந்து பட்டினி கிடந்தால் பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகிவிடும். என்னுடையது கடுவன் பூனை; மூத்திரம் போக முக்கி முக்கி உட்கார்ந்து ஒன்றும் வரவில்லை என்றால், அது காலை வரை காத்திருக்கிற விஷயமே இல்லை. யாராவது பூங்கொத்து கொடுத்து அதில் லில்லி இருந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும்.

இதில் நான் ரொம்ப யோசித்தது பணத்தைப் பற்றி. அவசரத்தில் என் போன் கிடைக்காமல் போகலாம். அதனால் என் சார்பில் வைத்தியத்துக்குச் சம்மதம் சொல்ல அவளுக்கு அதிகாரம் உண்டு என்று டாக்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இவ்வளவு தொகை வரை என்னைக் கேட்கவே வேண்டாம் என்று அவளிடமும் சொல்லியாயிற்று. பிளம்பருக்கும் அதே கணக்குத்தான். நம்பி வீட்டை விடுகிறோம், ஒரு குழாய்க்கு அனுமதி கேட்டு அவள் தவிக்க வேண்டுமா?

செடிகளுக்கு ஒரே வரி: மண்ணில் விரலை விட்டுப் பார், ஈரமாக இருந்தால் ஊற்றாதே. பாசத்தில் தண்ணீர் ஊற்றியே கொன்றவர்கள் நிறையப் பேர்.

சாவிக்கொத்தில் முகவரி எழுதிய அட்டை இல்லை. இன்னொரு சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது, அவர்களிடம் அவளை அறிமுகப்படுத்தியாயிற்று. திரும்பும் தேதியை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். நான் வீட்டுக்குள் வந்துவிட்டதாக மெசேஜ் வந்த பிறகுதான் அவள் பொறுப்பு முடியும். பயணம் தள்ளிப்போனால் கவலையில்லை, பூனைக்குக் கூடுதல் சாப்பாடு மேல்தட்டில் இருக்கிறது.