ஐந்து நாள் பளபளப்பு

2016-இல் நான் பதினோராம் வகுப்பு. ஆடி மாதம் மூக்கு நுனியில் முதல் பரு வந்தது. "யாருடா அந்தப் பொண்ணு?" என்று அத்தை வாசலிலேயே கேட்டுவிட்டார். யாரையாவது மனசில் நினைத்தால்தான் பரு வருமாம். ஐப்பசிக்குள் நெற்றி, கன்னம் எல்லாம் பரவிவிட்டது. டியூஷனில் பக்கத்தில் உட்காரும் நண்பன் தினமும் எண்ணிச் சொல்வான்: "இன்னைக்குப் பதினாலு மாப்ள." மற்றவர்களுக்கு அது நல்ல சிரிப்பு. நான் கடைசி பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன்.

பாட்டி சந்தனக் கல்லில் பால் விட்டு ஜாதிக்காய் இழைத்துப் பூசிவிடுவார். காய்ந்ததும் தோல் இறுகி, வாயைத் திறந்தால் பொருக்குப் பொருக்காக உதிரும். அந்தக் கோலத்தில் நான் இருந்தபோதுதான் ஒருநாள் கூடப் படிக்கும் பெண் நோட்டு வாங்க வீட்டுக்கு வந்தாள். கதவுக்குப் பின்னால் நின்றபடி கையை மட்டும் நீட்டி நோட்டைக் கொடுத்தேன். அழுக்கினால்தான் பரு என்று நினைத்து, ஒரு நாளைக்கு ஆறு தடவை சோப்புப் போட்டுக் கழுவவும் செய்தேன்.

அப்புறம் ஒரு மருந்துக் கடையில் கேட்டேன். சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு களிம்பை எடுத்துக் கொடுத்தார்கள். ஐந்தே நாளில் முகம் பளபளத்தது. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு மாதம் விடாமல் பூசினேன். டியூப் தீர்ந்த வாரம் முகம் செக்கச் செவேலென்று சிவந்தது, வெயிலில் நின்றாலே எரிந்தது, முன்பைவிட இரண்டு மடங்கு பரு.

அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காலை எட்டு மணிக்கு வரிசையில் நின்றேன். டாக்டரம்மா காலி டியூபை வாங்கிப் படித்தார். "மொமெட்டசோன். ஸ்டீராய்டுப்பா இது. முதல்ல வீக்கத்தை அமுக்கும், நிறுத்தினா திருப்பி அடிக்கும். தோலும் மெலிஞ்சு போகும்." பிறகு நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "தலைக்கு எண்ணெய் வெச்சுட்டு அப்படியே தூங்குவியா?" என்றார். ஆமாம், தினமும். அதுவும் வழிந்து துளைகளை அடைக்குமாம். இந்த வயதில் ஹார்மோனால் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் சுரக்கும், இறந்த செல்கள் சேர்ந்து துளையை அடைக்கும், அதற்குள் கிருமி பெருகும், கழுவிக் கழுவித் தேய்த்தால் எரிச்சல்தான் கூடும் என்று நிதானமாகச் சொன்னார். அதுவரை யாரும் எனக்கு இதைச் சொன்னதே இல்லை.

சிவப்பு அடங்கும்வரை சில வாரம் வெறும் மாய்ஸ்சரைசர்தான். அதன்பின் காலையில் 2.5% பென்சாயில் பெராக்சைடு, இரவில் 0.1% அடாபலின் ஜெல். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவுதான். "மூணு மாசம் கழிச்சு வா. அதுக்குள்ள கண்ணாடி பார்த்து அழாதே" என்றார்.

முதல் மூன்று வாரம் கொடுமை. தோல் உரிந்தது, புதுப் பருக்களும் வந்தன. என் மெரூன் துண்டு திட்டுத்திட்டாக வெளுத்தது. பென்சாயில் பெராக்சைடு துணிச் சாயத்தை எடுத்துவிடும் என்று தெரியாமல், துவைக்கத் தெரியவில்லை என்று அம்மா என்னைத்தான் திட்டினார். பத்தாவது வாரம் நண்பன் எண்ணுவதை நிறுத்தினான். கிள்ளிய இரண்டு இடத்தில் மட்டும் குழி இன்னும் இருக்கிறது.

2018-இல் ஸ்டீராய்டுக் களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதியை இறுக்கியது. அந்தச் செய்தியைப் படித்ததும் அந்தக் கடையின் கவுண்டர்தான் கண்முன் வந்தது.

போன மாதம் தங்கைக்கு முதல் பரு. பாட்டி சந்தனக் கல்லை எடுத்தார், அத்தை அதே கேள்வியைக் கேட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கு, அதே வரிசையில், அவளோடு நானும் நின்றேன்.