வலப்பக்க மூக்கு

2024 மார்ச் 5, செவ்வாய்

எட்டு மாதமாக வலப்பக்க மூக்கு மட்டும் அடைப்பு. வீட்டுக்குப் பக்கத்து மருந்தகத்தில் அலர்ஜி என்று ஸ்ப்ரேயாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நேற்று பால் தீய்ந்து, அடுத்த அறையிலிருந்து மகள் ஓடி வந்தாள். அடுப்படியிலேயே நின்ற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்று காலை தலையணையில் ரத்தம். "ஒரே பக்கம் அடைக்குது, இப்ப ரத்தமும் வருதா? கிளம்புங்க" என்று மனைவி பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) இழுத்துப்போனாள். சிறப்பு மருத்துவருக்குக் கடிதம் கிடைத்தது.

மார்ச் 21, வியாழன்

மரத்துப்போக மருந்தடித்து, மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டார் டாக்டர். திரையில் சிவந்த சதைத் திரட்சி. துளி கிள்ளி பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 4, வியாழன்

பயாப்ஸி முடிவு வந்தது. ஆல்ஃபாக்டரி நியூரோபிளாஸ்டோமா, வாசனை நரம்பில் தொடங்கும் புற்றுநோய். இங்கே சிங்கப்பூரில் சீன நண்பர்களிடையே அதிகம் கேள்விப்படும் மூக்குப் புற்றுநோய் இது இல்லை. அது மூக்கின் பின்னால், தொண்டை சேருமிடத்தில் வருவது. என்னுடையது மூக்கின் கூரையில், வாசனை நரம்புகள் மூளைக்கு ஏறும் சல்லடை எலும்புக்கு அருகே. டாக்டர் தாளில் வரைந்தே காட்டினார். 1924இல்தான் பிரான்சில் முதன்முதலில் விவரித்தார்களாம். நுண்ணோக்கியில் வேறு சில புற்றுகளும் இதே மாதிரி தெரிவதால், தனிச் சாயங்கள் ஏற்றிப் பார்த்துத்தான் உறுதி செய்தார்களாம். ஸ்கேன்படி கட்டி சைனஸ் வரை வந்திருக்கிறது, அதற்கு மேல் போகவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்தோம்.

ஏப்ரல் 22, திங்கள்

அறுவை முடிந்து ஐந்து நாள். முகத்தில் கீறல் இல்லை, எல்லாம் மூக்குத்துவாரம் வழியாகவே. சல்லடை எலும்பை எடுத்த இடத்தைத் தொடைத் திசு வைத்து மூடியிருக்கிறார்கள். மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தண்ணீர் போல் தெளிவாகச் சொட்டினால் மூளைநீர் கசிகிறதென்று பொருள், உடனே ஓடி வரச் சொன்னார்கள். ராத்திரி மூன்று முறை விளக்கைப் போட்டு டிஷ்யூவைப் பார்த்தேன். காய்ந்த பழுப்புதான்.

ஜூன் 12, புதன்

கதிர்வீச்சு, 30இல் எட்டாவது நாள். வெந்நீரில் நனைத்த பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி அச்செடுத்த முகமூடி, தினமும் மேசையோடு பூட்டுகிறார்கள். எம்ஆர்டி ரயிலில் வரும்போது நெற்றியில் வலைத்தடம் அப்படியே இருக்கும். எதிரே உட்கார்ந்திருந்த பாட்டி, "என்னப்பா ஆச்சு?" என்றார். சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்டோபர் 18, வெள்ளி

எம்ஆர்ஐ சுத்தம். ஆனால் பத்து வருஷம் கழித்தும் திரும்பக்கூடிய கட்டி, அதனால் சோதனைகள் தொடரும். வாசனை திரும்பாது என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் பால் வைத்தால் போனில் அலாரம் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்தபடியே நிற்கிறேன்.